பசியாறியாச்சா?

"வாயைக் கட்டணும்பா." நம்மிடையே இதைவிட மலிவான மருந்துச்சீட்டு கிடையாது. அரசாங்க கிளினிக்கில் இனிப்புநீர் சோதனைக்கு வரிசை பிடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வார்கள். கல்யாண மண்டபத்தில் மூன்றாவது குலாப் ஜாமூனுக்குக் கை நீட்டும் மாமாவிடம் அத்தை சொல்வார். கொஞ்சம் பருத்த பிள்ளையைக் கண்டால் வீட்டுக்கு வந்த யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்குத் தனித் தகுதி எதுவும் தேவையில்லை.

இரண்டே சொல்தான். ஆனால் அதற்குள் ஒழுக்கத்தைப் பற்றிய ஒரு கோட்பாடே இருக்கிறது. வாய் ஒரு மாடு. அவிழ்த்துவிட்டால் மேயும். கட்டிவைப்பது மாட்டுக்காரரின் பொறுப்பு. கட்டாமல் விட்டால் வருகிற கெடுதல் எல்லாம் அவருடைய பலவீனத்துக்குக் கிடைத்த கூலி. இந்தக் கோட்பாட்டில் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேச்சே வராது. அங்கே என்ன விதைத்திருக்கிறது, யார் விதைத்தது, மாடு ஏன் அங்கிருந்து நகர மறுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அளவு மீறிச் சாப்பிடுவது யாருடைய குற்றம்? மருத்துவர்களின் கேள்விபோலத் தோன்றினாலும் இது அறம் சார்ந்த கேள்வி. இதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் நோயாளியை எப்படி நடத்துகிறோம், பிள்ளையை எப்படித் திட்டுகிறோம், நம்மையே எவ்வளவு வெறுக்கிறோம் என்பதெல்லாம் அமைகிறது.

*

எங்கிருந்தும் கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை நான் சுங்கை சோவிலிருந்து கேட்கிறேன். ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையில் இருக்கும் ஊர். சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களால் ஆனது. இன்று வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது பெரோடுவா கார்த் தொழிற்சாலையால்தான். 1994இல் கஞ்சில் கார் வந்த பிறகு இந்த வட்டாரத்தின் முகம் மாறியது. தோட்டம் கலைந்து தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பல தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பெரட்டுக்காக எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்த வீடுகளில் அப்பா காலை ஷிப்ட், அம்மா மத்தியான ஷிப்ட், அண்ணன் இரவு ஷிப்ட் என்றானது. ஒரே சட்டியில் சமைத்தாலும் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு மூலையில் சாப்பிடத் தொடங்கினார்கள். இரவு பதினோரு மணிக்கு வேலை முடிந்து வருகிறவனுக்குச் சுடச்சுடக் கிடைப்பது இரண்டு நிமிட மேகி மீதான்.

இங்கிருந்து மேற்கே போனால் கோலசிலாங்கூர் மாவட்டம். அங்கே பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெயரில் பெஸ்தாரி ஜெயா. அந்தப் பக்கம்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் போட்டார். (மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.) அதுவரை செம்பனை இங்கே பெரும்பாலும் அழகுக்கு வைக்கிற மரம். ரப்பர் விலை தளர்ந்த 1960களுக்குப் பிறகு நாடு முழுவதும் அது பரவியது. நம் ஆட்கள் அதை வேலையாக அறிந்தார்கள். மட்டை வெட்டுவது, குலை தள்ளுவது, உதிரிப்பழம் பொறுக்குவது, கையில் ஏறிய முள்ளைப் பிடுங்குவது.

அந்தக் குலையிலிருந்து பிழியப்படும் எண்ணெய், பாக்கெட் உணவுக்காகவே பிறந்ததுபோல் அமைந்துவிட்டது. சாதாரண வெப்பத்தில் பாதி உறைந்து நிற்கும். பொரித்தால் சீக்கிரம் கெடாது. மணத்தையும் நிறத்தையும் நீக்கிவிட்டால் எதோடும் சேரும். விலையும் மலிவு. மேகி மீ பாக்கெட்டுக்குள் போகும் முன்பே அதில் பொரிக்கப்படுகிறது. பிஸ்கட்டுக்கு நடுவில் இருக்கும் கிரீம், த்ரீ இன் ஒன் காப்பித்தூளில் இருக்கும் வெள்ளைப் பொடி, தே தாரிக்கில் ஊற்றப்படும் பல 'பால்' டின்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. தாத்தா வெட்டிய குலை பேரன் கையில் பாக்கெட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் தேவைக்கு அதிகமான எடையோடு இருக்கிறார்கள். மரபு, தூக்கம், வேலை, மன உளைச்சல் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் பாக்கெட்டின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 'வாயைக் கட்டு' கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால், ஒரு தலைமுறைக்குள் பாதி நாட்டுக்கு மன உறுதி கரைந்துபோய்விட்டது என்று நம்ப வேண்டியிருக்கும். நாற்பது ஐம்பது வருஷத்தில் மனித மனம் அவ்வளவு மாறுமா? தட்டில் இருப்பது மாறியிருக்கிறது என்பதை நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

*

அப்படியானால் தட்டில் என்ன மாறியது? உடனே 'அஜினோமோட்டோதான்' என்று ஒரு குரல் வரும். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சுவை என்பது உடலுக்கு வரும் செய்தி. இனிப்பு 'இதில் சக்தி இருக்கிறது' என்கிறது. கசப்பு 'பார்த்து, நஞ்சாக இருக்கலாம்' என்கிறது. 1908இல் இக்கேடா கிக்குனாயே என்ற தோக்கியோ பேராசிரியர், கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் சுவை எதிலிருந்து வருகிறது என்று தேடிக் குளூட்டமேட்டைக் கண்டுபிடித்தார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 'இதில் புரதம் இருக்கலாம்' என்று உடலுக்குச் சொல்லும் சுவை அது. தக்காளியிலும் கருவாட்டிலும் இருக்கிறது. தாய்ப்பாலிலும் நிறைய இருக்கிறது. அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1960களில் கோலாலம்பூரிலேயே அதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது.

இக்கேடாவின் நோக்கம் நல்லது. நல்ல சுவை மலிவாகக் கிடைத்தால், எளிய சத்தான உணவைத் தம் மக்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள், உடம்பு தேறும் என்று அவர் நினைத்தார். அந்தப் பொடி நஞ்சும் இல்லை. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் அது. சாதாரணமாகச் சமையலில் சேர்க்கும் அளவுக்கு அந்தப் பயத்தைப் பிறகு வந்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே 'அஜி போட்டா தலை சுத்தும்' என்று பயமுறுத்துவதோடு நம் கடமை முடிந்துவிடாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நெத்திலிக் குழம்பில் உமாமி வந்தால் கூடவே நெத்திலியும் வரும். கரும்பில் இனிப்பு வந்தால் நாரும் நீரும் சேர்ந்து வரும், மென்று முடிப்பதற்குள் தாடை வலிக்கும். செய்தியும் பொருளும் பிரியாமல் இருந்தன. சுவையைத் தனியாகப் பிரித்துப் பொடியாக்க முடிந்த நாளில்தான் இரண்டும் பிரிந்தன. கோழிச் சுவை மீ பாக்கெட்டில் கோழி பெயருக்குத்தான் இருக்கும். பழச் சுவை பானத்தில் பழம் படத்தில் இருக்கும். ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலத்து உவமையில் சொன்னால், கடிதம் வந்து சேர்கிறது, காசு வருவதில்லை. வீட்டில் இருப்பவர் அடுத்த கடிதத்துக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் ருசி அதிகமாக இருப்பதால்தான் அதிகம் சாப்பிடுகிறோமா? நானும் வெகுநாள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். 2019இல் வெளிவந்த கெவின் ஹாலின் ஆய்வு என்னை வேறுபக்கம் திருப்பியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருபது பேரை நான்கு வாரம் தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைக்கப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் எடை சுமார் ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த உணவு ருசியாக இருந்தது என்று கேட்டபோது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போட்டிருந்தார்கள். அதிகம் ரசித்ததால் அவர்கள் அதிகம் சாப்பிடவில்லை. வேகமாகச் சாப்பிட்டார்கள். மெல்லத் தேவையில்லாத, வாயில் போட்டவுடன் கரைகிற உணவு, வயிறு மூளைக்குத் தகவல் அனுப்பும் முன்பே இறங்கிவிடுகிறது. சாப்பிடுகிறவரின் ஆசை பெருகவில்லை. 'போதும்' என்ற சொல் வந்து சேரத் தாமதமாகிறது. வந்து சேரும்போது பாக்கெட் காலி.

இந்தத் தாமதத்தை இன்னொரு விதத்திலும் உண்டாக்கலாம். ஹவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடக்க காலத்தில் ராணுவ உணவு ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அழுத்தமான சுவையுள்ள உணவைச் சிப்பாய்கள் முதலில் விரும்பினார்கள், சீக்கிரம் சலித்துப்போனார்கள். சாதாரண ரொட்டி சலிக்கவே இல்லை. எந்தச் சுவையும் தனியாகத் தூக்கலாக நின்று நாக்கைச் சலிக்க வைக்கக்கூடாது, ஆனால் எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிற்பாடு உணவுத் தொழிலின் பாடமானது. சீனியோ உப்போ எந்த அளவில் மிக உவப்பாக இருக்கும் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருடைய தொழிலாகவே ஆனது. சலிப்பு என்பது உடல் கையில் வைத்திருந்த பிரேக். அதை ஒரு குறையாகக் கருதித் திருத்தியிருக்கிறார்கள்.

*

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நம் விருந்துச் சாப்பாடும் இதைத்தானே செய்கிறது? வாழையிலையில் உப்பு, புளி, காரம், இனிப்பு என்று மாறி மாறி வருவதே சலிப்பைத் தள்ளிப்போடத்தான். 'போதும் போதும்' என்று கையை மறைத்தாலும் 'சும்மா ஒரு கரண்டி' என்று ஊற்றுவதை நாம் அன்பு என்கிறோம். உண்மைதான். அளவு மீறிச் சாப்பிடுவது எந்தக் காலத்திலும் பாவமாக இருந்ததில்லை. தீபாவளியன்று, கோவில் திருவிழாவில், சம்பளம் போட்ட நாளில் ஆட்டுக்கறி எடுத்தபோது வயிறு புடைக்கத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் விருந்துக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. கடைசியில் ரசமும் மோரும் வந்து முடிவைச் சொல்லின. இலையை மடித்தால் எழுந்தாக வேண்டும். பாக்கெட் உணவு விருந்தின் வேலையைச் செய்கிறது. அதற்கு நாளும் இல்லை, மோரும் இல்லை, இலையும் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வெள்ளி எண்பது சென்னுக்குத் தீபாவளி கிடைக்கிறது.

இன்னொரு மறுப்பை நானே எழுப்ப வேண்டும். 'அந்தக் காலத்துத் தோட்டத்துச் சாப்பாடு மாதிரி வருமா' என்ற பெருமூச்சோடு இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். அது பொய். லயத்து வீடுகளில் இருந்த அளவு யாரும் தேர்ந்தெடுத்த அளவு இல்லை. சம்பளம் நிர்ணயித்த அளவு. கடைக்காரரின் கடன் புத்தகம் நிர்ணயித்த அளவு. பல பாட்டிகள் 'எனக்குப் போதும்யா' என்று சொன்னது சட்டியில் ஒன்றும் இல்லாததால். அந்தப் 'போதும்' திரும்பி வர வேண்டியதில்லை. மூன்று தலைமுறை பசியைப் பார்த்த வீட்டில் பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுக்க முடிவது ஒரு சின்ன வெற்றி. அந்த வெற்றியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. வருத்தம் என்னவென்றால், வரலாற்றில் முதல்முறையாக நமக்கு வேண்டிய மட்டும் சாப்பிடக் கிடைத்தபோது, வந்து சேர்ந்த உணவு 'வேண்டிய மட்டும்' என்பதன் எல்லையை அழித்துவிட்டு வந்தது.

வள்ளுவர் உணவின் அளவைப் பற்றிப் பேசுவது 'மருந்து' என்ற அதிகாரத்தில். அந்தப் பத்துக் குறள்களில் பெரும்பகுதி எப்போது, எவ்வளவு உண்பது என்பதைப் பற்றியதுதான். முன்பு உண்டது செரித்ததா பார், நன்றாகப் பசித்த பிறகு உண், வயிற்றின் அளவு தெரிந்து உண். இவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உடல் பேசும், கேட்கத் தெரிந்தால் போதும் என்கிற நம்பிக்கை. அரிஸ்டாட்டிலும் இதே சுற்றில் வேறொரு கேள்வி கேட்டார். நல்லது எது என்று தெரிந்தும் ஒருவன் ஏன் எதிரானதைச் செய்கிறான்? அதை மன உறுதியின் தளர்ச்சியாகப் பார்த்தார். இருவருக்கும் ஒரு வசதி இருந்தது. அவர்கள் காலத்துப் பலகாரத்துக்குத் திட்டம் எதுவும் கிடையாது. அதற்குப் பின்னால் ஓர் ஆய்வகமும் விற்பனைப் பிரிவும் உட்கார்ந்து, இந்த மனிதர் எந்த இடத்தில் நிறுத்துவார், அந்த இடத்தை எப்படித் தள்ளிவைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. உடல் பேசுவதைக் கேள் என்ற அறிவுரை இன்றும் சரியானது. ஆனால் காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பவரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

*

அப்படிப் பேசியவர்கள் இந்த நிலத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்து ஏழைத் தாய்மார்களிடம் விற்றுக்கொண்டிருந்த காலம். தாய்ப்பாலை நிறுத்தி டின் பாலைக் கரைத்துக் கொடுத்த வீடுகளில் குழந்தைகள் நோயில் செத்தன. இந்தத் தவறான பிரச்சாரத்தால் வரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அவர் அந்தப் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அந்த உரை இன்றும் முக்கியமானது. ஏனென்றால் அந்தக் குழந்தையிடம் 'வாயைக் கட்டு' என்று யாராலும் சொல்ல முடியாது. இனிப்பை நோக்கித் திரும்பும் நாக்கு அதற்குப் பிறவியிலேயே உண்டு. பழி எங்கே போக வேண்டும் என்பது குழந்தையின் விஷயத்தில் நமக்கு உடனே தெரிகிறது. அதே நாக்கோடுதான் நாம் வளர்கிறோம். எத்தனையாவது வயதில் பழி முழுவதும் நம் பக்கம் மாறுகிறது? ஏழிலா, பதினேழிலா? இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் முப்பத்தைந்திலா?

இன்னொரு முன்னுதாரணம் சிலாங்கூரிலேயே இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு முடிவு. இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். குடிக்கிறவனைப் பார்த்து 'உனக்கு மானம் இருக்கா' என்று கேட்பது அன்றும் சுலபம்தான். நாள் முழுக்க உழைத்துக் கூலி வாங்கியவன் அதைச் செலவழிக்கும் இடத்தைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பது யார் என்று அவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவரின் வாயையும் கட்டுவதோடு நிறுத்தாமல் கடையைக் கட்டச் சொன்னார்கள்.

1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சீனிக்கு எதிராகத் தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசியது இந்த வழியில்தான். அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019இல் மறையும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. அரசாங்கமும் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2013 அக்டோபர் வரை கிலோவுக்கு 34 சென் மானியம் கொடுத்துச் சீனியை மலிவாக்கிய அதே அரசாங்கம், 2019 ஜூலையில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025இல் அது 90 சென். ஒரு சமூகம் கூட்டாகச் சொல்லும் 'போதும்' இப்படித்தான் இருக்கும். அழகாக இருக்காது, ரசீதில் ஒரு வரியாக இருக்கும்.

*

'சரிண்ணே, எல்லாம் கம்பெனியோட வேலைதான். அப்ப நான் சாப்பிட்டுட்டுச் சும்மா இருக்கலாமா?' என்று கேட்கலாம். முடியாது. நடந்ததற்கு யார் குற்றவாளி என்பது ஒரு கேள்வி. இனி யார் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் நம் பங்கு சிறியதாக இருந்தாலும் இரண்டாவதில் நமக்குப் பெரிய பங்கு உண்டு. குற்ற உணர்ச்சியைக் கீழே வைத்துவிட்டால் அந்தப் பங்கைத் தூக்குவது எளிது. வெட்கப்பட்டவன் திருந்துவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறான்.

சண்டை போட வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே முதல் பாடம். பிரித்த பாக்கெட்டுக்கு முன்னால் சண்டை போட்டால் தோற்போம். நாம் அங்கே தோற்பதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. பசியோடு கடைக்குப் போகாமல் இருப்பது, வீட்டு அலமாரியில் வாங்கி அடுக்காமல் இருப்பது, வாங்கினாலும் சின்னதாக வாங்குவது, பாக்கெட்டிலிருந்து நேராகத் தின்னாமல் ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு மீதியைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது. இவற்றில் வீரம் எதுவும் இல்லை. ஆனால் வேலை செய்கிறது.

அடுத்தது, பிரிந்துபோன செய்தியையும் பொருளையும் மறுபடி சேர்ப்பது. மேகி மீயை ஒழிக்கச் சொன்னால் இரவு ஷிப்ட் குடும்பங்களில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. சுவைத்தூளில் பாதியைக் கொட்டிவிட்டு ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி கீரையும் போட்டால், வாய் மெல்ல ஆரம்பிக்கும். வயிற்றுக்கு நேரம் கிடைக்கும். நாக்கும் பிடிவாதக்காரன் இல்லை. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் பழைய அளவு கரிக்க ஆரம்பித்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தே தாரிக்கை 'கூராங் மானிஸ்' என்று சொல்லி வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் கஷாயம், பிறகு மற்றவர்கள் குடிப்பது பாயாசம் மாதிரி இருக்கும் என்பார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதி காய்கறியும் பழமும் என்று சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. அளவை மனதிலிருந்து தட்டுக்கு மாற்றுகிறது.

கடைசியாகச் சொல்ல வருவது ஒரு சொல்லைப் பற்றி. தமிழகத்திலிருந்து வருகிறவர்கள் நம் பேச்சில் கேட்டு வியக்கும் சொற்களில் ஒன்று 'பசியாறுவது'. காலை உணவுக்கு நாம் புழங்கும் பெயர். 'சாப்பிட்டாச்சா' என்பது வாய் செய்த வேலையைக் கேட்கிறது. 'பசியாறியாச்சா' என்பது அந்த வேலையின் பலனைக் கேட்கிறது. பசி என்ற சூடு ஆறிவிட்டதா, ஆறியிருந்தால் காரியம் முடிந்தது. வள்ளுவர் ஓர் அதிகாரத்தில் சொன்னதைத் தோட்டத்துச் சனம் ஒரு வினைச்சொல்லில் வைத்துக்கொண்டிருந்தது.

'போதும்' என்பது ஒரு பதில். யாராவது கேட்டால்தான் அது வாயில் வரும். பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்று கேட்கும்போது நாம் ஒரு கணம் நிறுத்தி வயிற்றைக் கவனிக்கிறோம். அந்த ஒரு கணம்தான் பாக்கெட்டில் கிடையாது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஷிப்டுகளால் சிதறிப்போன வீட்டில் மூன்று வேளையும் சேர்ந்து உட்கார முடியாது. வாரத்தில் ஒருவேளை முடியும். அன்று யார் சமைத்தாலும் சரி, வேறொருவர் பரிமாறட்டும். வீட்டில் பருத்த பிள்ளை இருந்தால் வாயைக் கட்டச் சொல்லாமல் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பாதியில் ஒருதரம், முகத்தைப் பார்த்து, கண்டிக்கிற குரல் இல்லாமல் கேளுங்கள்: "பசியாறிடுச்சாம்மா?"

அவள் யோசிப்பாள். ஆமா என்பாள், இல்லை என்பாள். எதுவாக இருந்தாலும் அது அவளுடைய பதில்.